லினக்ஸில் வைஃபை வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரைப் பக்கம் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சமே இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவையே உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் தவழ ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் "லினக்ஸ் போட்டுப் பாரு" என்பார். போட்டதும் மெஷின் பறக்கும். வைஃபை மட்டும் வராது. உடனே லினக்ஸின் வெவ்வேறு வகைகளை (இவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள்), உபுண்டுவை அழித்து மின்ட், மின்ட்டை அழித்து டெபியன் என்று விடிய விடிய மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. எதைப் போட்டாலும் அடியில் ஓடுவது லினக்ஸின் மையமான அதே கெர்னல்தான். உங்கள் வைஃபை கார்டுக்கு வேண்டிய டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஃபர்ம்வேரும் (கார்டுக்குள் ஏறி ஓடும் மென்பொருள்) உள்ளே இருக்கிறதா என்பதுதான் விஷயம். அதை மெஷினிடமே கேட்டுவிடலாம்.

கீழே தலைப்பாக வைத்திருப்பவை ஆட்கள் வந்து சொல்லும் புகார்கள். உங்களுடையது எதுவோ அங்கே போங்கள். அதற்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு வேலை உண்டு.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாக எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். எல்எஸ்பிசிஐ என்றால் ஐந்து எழுத்தும் சேர்த்து, இடைவெளி இல்லாமல்.

முதல் வேலை, தற்காலிகமாக இணையம். வைஃபையைச் சரிசெய்ய இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும் என்று தலையில் கைவைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபோனை சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். இதற்குத் தனி டிரைவர் எதுவும் வேண்டாம். ஆன் செய்யும் பட்டனே மங்கலாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் டேட்டா போகாது.

இரண்டாவது வேலை, சிப் எது என்று பார்ப்பது. எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று தட்டுங்கள். நீளமாக வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று இருப்பது வயர் போர்ட், அதை விட்டுவிடலாம். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 14ஈ4 பிராட்காம், 10ஈசி ரியல்டெக், 168சி ஆத்தரோஸ், 14சி3 மீடியாடெக். இரண்டாவது எண் மாடல். அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா, இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி நோய் இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். யூஎஸ்பி டாங்கிள் (பென் டிரைவ் போல் சொருகும் வைஃபை கருவி) என்றால் எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

யாரிடம் உதவி கேட்டாலும் லேப்டாப் மாடலோடு இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். ஒரே மாடல் லேப்டாப்பிலேயே ஒரு பெட்டியில் ஆத்தரோஸும் இன்னொரு பெட்டியில் ரியல்டெக்கும் இருக்கும்.

"வைஃபை என்ற பேச்சே எங்கும் இல்லை"

செட்டிங்ஸில் வைஃபை பகுதியே காணோம், மேலே ஐகானும் இல்லை. இதற்குள் மூன்று வேறு வேறு நோய் ஒளிந்திருக்கிறது. மேலே குறித்த வரிதான் பிரித்துக் காட்டும்.

சிப்பே பட்டியலில் இல்லை என்றால் லினக்ஸைத் தொடாதீர்கள். பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) போய் வயர்லெஸ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற வருமானால் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். உள்ளே முடங்கிப்போன கார்டு சில நேரம் இதிலேயே எழுந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் கார்டு அதன் ஸ்லாட்டில் தளர்ந்திருக்கலாம், அல்லது செத்திருக்கலாம்.

சிப் இருக்கிறது, டிரைவர் வரி இல்லை என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, கார்டு புதுசு, கெர்னல் பழசு. யூநேம் -ஆர் என்று தட்டினால் கெர்னல் எண் தெரியும். ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ-க்கு 5.9, மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12, ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ-க்கு 6.2 அல்லது அதற்கு மேல் வேண்டும். உபுண்டு 22.04-ஐ முதல் வெளியீட்டுச் சிடியில் இருந்து போட்டவர்களிடம் 5.15 இருக்கும். அவர்கள் லினக்ஸ்-ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-22.04 என்ற பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பு) போட்டு ரீஸ்டார்ட் செய்தால் புதிய கெர்னல் வந்துவிடும். இதை விட்டுவிட்டு எங்கிருந்தோ டிரைவரின் மூல நிரலை இறக்கி கம்பைல் செய்ய (நிரலை ஓடும் வடிவுக்கு மாற்ற) உட்காராதீர்கள். அப்படிப் போட்டது அடுத்த கெர்னல் அப்டேட்டிலேயே உடைந்தாலும் உடையும்.

இன்னொன்று பிராட்காம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய லேப்டாப்புகளில் ஆட்களை அதிகம் அழவைப்பது இதுதான். ஒரே கம்பெனி சிப்புக்கு லினக்ஸில் மூன்று டிரைவர் இருக்கிறது: பி43, பிஆர்சிஎம்எஸ்மேக், டபிள்யூஎல். எந்தச் சிப்புக்கு எது என்பது மாடல் எண்ணைப் பொறுத்தது. பிசிஎம்4313, அதாவது 14ஈ4:4727 என்றால், பிஆர்சிஎம்எஸ்மேக் கெர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் மட்டும் வேண்டும். பிசிஎம்4312, அதாவது 14ஈ4:4315 என்றால், பி43 போதும். ஆனால் அதன் ஃபர்ம்வேரை டிஸ்ட்ரோவோடு கொடுக்க அனுமதி கிடையாது, அதனால் ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற பேக்கேஜ் இணையத்தில் இருந்து தனியாக இறக்கிப் போடும். பிசிஎம்43142, அதாவது 14ஈ4:4365 என்றால் டபிள்யூஎல் ஒன்றுதான் கதி. உபுண்டுவிலும் மின்ட்டிலும் அது பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ், டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற பெயரில் இருக்கும். மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தாலே காட்டிவிடும். இணையமே இல்லாவிட்டாலும், மின்ட் போடப் பயன்படுத்திய பென் டிரைவைச் சொருகினால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பார்த்த கட்டளையை எல்லாம் போட்டு மூன்று டிரைவரையும் ஏற்றி வைத்திருக்கும் மெஷின்கள்தான் கஷ்டம். ஒரே கார்டுக்கு மூன்றும் அடித்துக்கொள்ளும். அப்படி இருந்தால் தேவையில்லாததை நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் வையுங்கள்.

டபிள்யூஎல் சரியாகப் போட்டும் வரவில்லை என்றால் செக்யூர் பூட் (ஒப்புதல் பெற்ற மென்பொருளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட் என்று தட்டினால் அது ஆனில் இருக்கிறதா என்று சொல்லும். ஆனில் இருந்தால், உங்கள் மெஷினில் கம்பைல் ஆன டிரைவருக்கு ஒப்புதல் கிடைக்காமல் கெர்னல் வெளியே நிறுத்திவிடும். சூடோ மோட்ப்ரோப் டபிள்யூஎல் என்று தட்டினால் (டிரைவரை நிர்வாகி உரிமையோடு ஏற்றும் கட்டளை) சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டிருக்கும், நினைவிருக்கிறதா? அது இதற்குத்தான். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும். பத்து நொடிக்குள் ஒரு விசையைத் தட்டாவிட்டால் ஓடிவிடும். டீ குடிக்கப் போனவர்கள் எல்லாம் அதைத்தான் கோட்டை விடுகிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய் அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். திரையைத் தவறவிட்டவர்கள் டிரைவர் பேக்கேஜை நீக்கி மறுபடி போட்டால் மறுபடி கேட்கும். வீட்டு மெஷின்தானே என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதும் வழிதான். ஆனால் விண்டோஸும் கூட இருந்து அதில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஓடினால், ரெக்கவரி சாவி கையில் இல்லாமல் அதில் கைவைக்காதீர்கள்.

மூன்றாவது நோய், டிரைவர் வரி இருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லை. பெரும்பாலும் ஃபர்ம்வேர் குறைதான். சூடோ டிமெசேஜ் (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து) என்று தட்டி, வரும் குவியலில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஃபெயில்டு வித் எரர் -2' என்று முடிந்தால் கோப்பு இல்லை என்று பொருள். உபுண்டு, மின்ட்டில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே பேக்கேஜ். டெபியனில் கம்பெனிவாரியாகப் பிரிந்திருக்கும்: ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ஃபர்ம்வேர்-ரியல்டெக், ஃபர்ம்வேர்-ஆத்தரோஸ். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இவை இன்ஸ்டாலரோடே வருகின்றன. அதற்கு முந்தைய டெபியனிலும், டெபியனை அடிப்படையாகக் கொண்ட, இந்திய அரசின் பழைய பாஸ் லினக்ஸிலும் இதை நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.

"ஐகான் இருக்கு, ஆன் பண்ணினா ஆன் ஆகலை"

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டுங்கள். இரண்டு வரி முக்கியம்: 'சாஃப்ட் பிளாக்டு', 'ஹார்ட் பிளாக்டு'. சாஃப்ட் மட்டும் 'யெஸ்' என்றால் சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று தட்டினால் முடிந்தது.

ஹார்ட் 'யெஸ்' என்றால் எந்தக் கட்டளைக்கும் கேட்காது. பழைய லேப்டாப்பில் முன் ஓரத்திலோ பக்கவாட்டிலோ தள்ளும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பையில் போகும்போது அதுவாக நகர்ந்திருக்கும். சுவிட்ச் இல்லாதவற்றில் எஃப்என் விசையோடு விமானப் படம் போட்ட விசையைச் சேர்த்து அழுத்துங்கள். சுவிட்சே இல்லாத சில லெனோவா லேப்டாப்புகளில் ஐடியாபேட்_லேப்டாப் என்ற மாட்யூல் (டிரைவர் துண்டு), இல்லவே இல்லாத ஒரு சுவிட்ச் அணைந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஐடியாபேட்_லேப்டாப் என்று தட்டி அதை நீக்கிப் பாருங்கள். உடனே வைஃபை வந்தால் குற்றவாளி அதுதான். நிரந்தரமாகத் தடுக்க, இடிசி அடைவுக்குள் (ஃபோல்டர்) இருக்கும் மோட்ப்ரோப்.டி-யில் ஒரு கோப்பு உருவாக்கி, பிளாக்லிஸ்ட் ஐடியாபேட்_லேப்டாப் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் மெஷினில், விண்டோஸை அணைத்துவிட்டு லினக்ஸுக்கு வந்தால் மட்டும் வைஃபை வரவில்லையா? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக இருக்கலாம். அணைப்பதுபோல் அணைத்து, உண்மையில் பாதித் தூக்கத்தில் போய்விடும், கார்டையும் அந்த நிலையிலேயே விட்டுவிடும். விண்டோஸில் நிர்வாகியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் என்று கொடுங்கள்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு, அப்டேட் போட்டதும் போச்சு"

ரீஸ்டார்ட் செய்து க்ரப் மெனுவில் (ஆன் ஆகும்போது எதை ஓட்டுவது என்று கேட்கும் பட்டியல்) 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டால், புதிய கெர்னலுக்கு டிரைவர் கம்பைல் ஆகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும், கம்பைல் செய்யத் தேவையான ஹெட்டர்ஸ் பேக்கேஜ் இல்லாததே காரணம். உபுண்டு, மின்ட்டில் லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக் போட்டால் அது அடுத்தடுத்த அப்டேட்டுகளுக்கும் தானாகக் கூடவே வரும். ஹெட்டர்ஸ் இருந்தும் கம்பைல் தோற்கிறது என்றால், டிஸ்ட்ரோ அந்த டிரைவரைத் திருத்தும்வரை பழைய கெர்னலிலேயே ஓட்டுங்கள். டபிள்யூஎல்-க்கு இது அடிக்கடி நடக்கும். 2015-க்குப் பிறகு பிராட்காம் அதைத் தொடவே இல்லை, டிஸ்ட்ரோக்காரர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள்.

"ஃபோன்ல தெரியுற வைஃபை லேப்டாப்ல தெரியலை"

மற்றவர்களின் வைஃபை தெரிகிறது, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் கார்டும் டிரைவரும் நன்றாகத்தான் இருக்கின்றன. பழைய கார்டுகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ரவுட்டரோ ஃபோன் ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்டை (அலைவரிசை) 2.4-க்கு மாற்றிப் பாருங்கள்.

"கரண்ட் போய் வந்ததுல இருந்து தெரியலைண்ணே" என்று சொல்பவர்களுக்கு விஷயம் வேறு. கரண்ட் வந்ததும் ரவுட்டர் புதிதாகச் சேனல் தேர்ந்தெடுக்கும். 12 அல்லது 13-ஆவது சேனலில் போய் உட்கார்ந்தால், அமெரிக்க விதிப்படி நடக்கும் கார்டு அதைத் தேடாது, அங்கே 11 வரைதான் வழக்கம். இந்தியாவில் 13 வரை உண்டு. ஐடபிள்யூ ரெக் கெட் என்று தட்டிப் பாருங்கள். நாடு என்ற இடத்தில் யூஎஸ் என்றோ 00 என்றோ இருந்தால் சூடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன் என்று கொடுங்கள், கடைசி இரண்டு எழுத்து மட்டும் பெரிய எழுத்தில். சில கார்டுகள் தமக்குள் எழுதிவைத்த நாட்டை மாற்ற விடாது. அப்போது ரவுட்டர் பக்கத்தில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலையாக வைத்துவிடுங்கள். நானாக இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன். வீட்டில் இருக்கும் மற்ற மெஷின்களுக்கும் சேர்த்து ஒரே வேலையாக முடிந்துவிடும்.

"ரவுட்டர் பக்கத்துல உட்கார்ந்தா மட்டும் வருது"

வாடிப்பட்டியில் இருந்து ஒரு கல்லூரித் தம்பி இந்தப் புகாரோடு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அடுத்த அறைக்குப் போனாலே சிக்னல் விழுந்துவிடுகிறது.

"தம்பி, இதை எங்கேயாவது கழட்டுனீங்களா?"

"ஃபேன் சத்தம் போடுதுன்னு ஒரு கடையில குடுத்தோம்ணே. சுத்தம் பண்ணிக் குடுத்தாங்க."

அதற்குமேல் டெர்மினலுக்கு வேலை இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்தோம். வைஃபை கார்டின் ஓரத்தில், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, தங்க நிறத்தில் இரண்டு வட்டம் இருக்கும். திரையின் ஓரத்தில் இருக்கும் ஆன்டெனாவில் இருந்து கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு வயர் இறங்கி வந்து அவற்றில் மாட்டியிருக்க வேண்டும். வெள்ளை மாட்டியிருந்தது. கறுப்பு, ஃபேன் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. வயரின் முனையை வட்டத்துக்கு நேராக, சாய்க்காமல் வைத்து, நகத்தால் அழுத்தினால் 'டக்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். சத்தம் வராமல் பலத்தைக் காட்டினால் கனெக்டர் நசுங்கிவிடும், அப்புறம் ஆன்டெனாவையே மாற்ற வேண்டிவரும். மாட்டிவிட்டு என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை என்று தட்டிப் பார்த்தோம். சிக்னல் என்ற பத்தியில் எண் நன்றாக ஏறியிருந்தது. அதே எண்ணைத் திறப்பதற்கு முன்பும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும்.

கழற்றவே இல்லை, சிப் ஆர்டிஎல்8723பிஇ என்றால் கதை வேறு. இந்தக் கார்டு உள்ள சில லேப்டாப்புகளில் ஒரே ஒரு ஆன்டெனா வயர்தான் வரும், டிரைவர் மாட்டாத முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மோட்ப்ரோப்.டி-யில் ஒரு கோப்பு எழுதி, ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏன்ட்_செல்=2 என்று போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகாவிட்டால் 2-ஐ 1 ஆக்குங்கள்.

"கனெக்ட் ஆகும், கொஞ்ச நேரத்துல விட்டுப்போயிரும்"

முதல் சந்தேகம் பவர் சேவிங். பேட்டரியை மிச்சப்படுத்த கார்டு தூங்கப் போகும், ரவுட்டர் கூப்பிடும்போது எழாது. நெட்வொர்க்மேனேஜரின் (இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) கான்ஃப்.டி அடைவில் டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் என்ற கோப்பு இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் பவர் சேவிங் நின்றுவிடும். புளூடூத் இயர்ஃபோன் போட்டால் மட்டும் வைஃபை தடுமாறுகிறது என்றால் இரண்டும் ஒரே சிப், ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ். கார்டுக்கு 5 தெரியுமானால் வைஃபையை அங்கே மாற்றுங்கள்.

யூஎஸ்பி டாங்கிளில் பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், நெட்வொர்க்மேனேஜர் கோப்பில் 'டிவைஸ்' பகுதியின் கீழ் வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ்=நோ என்று சேர்த்துப் பாருங்கள். சில டாங்கிள் டிரைவர்களுக்கு டாங்கிளின் அடையாள முகவரி (மேக் அட்ரஸ்) மாறிக்கொண்டே இருந்தால் தலை சுற்றிவிடும்.

"கனெக்டட்னு காட்டுது, எதுவும் திறக்கலை"

இது கார்டின் பிரச்சினையே அல்ல. பிங் 8.8.8.8 என்று தட்டுங்கள். பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) 1.1.1.1 என்று கையால் கொடுங்கள். ஹாஸ்டலிலும் ரயில் நிலையத்திலும் இருக்கும் வைஃபைக்கு இதற்கு நேர்மாறு. லாகின் பக்கம் வர வேண்டுமானால் கையால் கொடுத்த டிஎன்எஸ்ஸை எடுத்துவிட வேண்டும்.

பரணில் கிடந்த லேப்டாப்புக்கு இன்னொன்று உண்டு. நாள் பார்த்தீர்களா? உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்திருந்தால் ஆண்டு பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியில் எந்தப் பாதுகாப்பான தளத்தின் சான்றிதழும் செல்லாது, ஹாஸ்டல் லாகின் பக்கமும் சேர்த்து. தேதியைக் கையால் திருத்தி உள்ளே போங்கள். பல லேப்டாப்புகளில் அந்தச் சிறு பேட்டரி சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

எதற்கும் மசியாத கார்டு

பிசிஎம்43142 போன்ற கார்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட மாற்றிவிடுவது மேல் என்பது என் கட்சி. ஆனால் மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு சொருகும் ஸ்லாட் பழைய மினி பிசிஐஇ-யா, எம்.2-ஆ? இன்டெல் 9560, ஏஎக்ஸ்201 போன்றவை அவற்றுக்கு ஏற்ற இன்டெல் போர்டில் மட்டுமே ஓடும். ஏஎம்டி லேப்டாப் என்றால் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேளுங்கள். சில பழைய ஹெச்பி, லெனோவா பயாஸ்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. பழைய திங்க்பேடில் அது 1802 என்ற எண்ணோடு நிற்கும். அந்த மாதிரி மெஷினுக்கு யூஎஸ்பி டாங்கிள்தான் வழி.

டாங்கிள் வாங்கும்போது டப்பா மேல் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் உள்ளே சிப் மாறிக்கொண்டே இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் லேப்டாப்பிலேயே சொருகி எல்எஸ்யூஎஸ்பி தட்டிப் பாருங்கள். 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் பயப்பட வேண்டாம். டாங்கிள் தன்னை விண்டோஸ் டிரைவர் வைத்திருக்கும் சிடியாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் தெரியும் அந்தச் சிடியை வலது க்ளிக் செய்து 'இஜெக்ட்' கொடுத்தாலே பெரும்பாலும் வைஃபையாக மாறி, உண்மையான எண்ணைக் காட்டும். தினமும் இஜெக்ட் செய்ய அலுப்பாக இருந்தால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜைப் போட்டுக்கொள்ளுங்கள். ரியல்டெக் டாங்கிள்கள் பலவற்றுக்கு கெர்னல் 6.2-இலும் அதற்குப் பிறகும்தான் உள்ளேயே டிரைவர் வந்தது. உங்கள் கெர்னல் அதற்குக் கீழே என்றால் முதலில் கெர்னலை ஏற்றிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.